மேடையில் சொல்ல வேண்டிய பெயர்

“அங்க வர்ற அத்தினி டாக்டருங்கள்ல ஒருத்தர் கண்ணுலகூடவா அவரு பட்டிருக்க மாட்டாரு?”

மலைக்கிராமத்து அக்கா ஒருவர் என்னிடம் கேட்ட கேள்வி இது. கேட்டுச் சில வாரங்கள் ஆகிவிட்டன. என்னிடம் இன்னும் பதில் இல்லை. பட்டிருக்க மாட்டார் என்று அடித்துச் சொல்ல எனக்கு என்ன தெரியும்? பட்டிருக்கலாம் என்று சொல்லிவிட்டால் அதன் பிறகு நடப்பதற்கெல்லாம் நான்தான் பொறுப்பு. இரண்டு வாக்கியங்களையும் சமையலறையில் நின்று பலமுறை எனக்குள் சொல்லிப் பார்த்துவிட்டேன்.

முதலிலிருந்து சொல்கிறேன். நான் உளவியல் படித்தவள். திருமணமாகிக் கச்சிராயபாளையத்துக்கு வந்த பிறகு, கல்வராயன் மலையில் வேலை செய்யும் சிறிய தொண்டு நிறுவனம் ஒன்றில் மனநல ஆலோசகராகச் சேர்ந்தேன். வாரம் ஒரு நாள் மகளை வடக்கனந்தலில் மாமியார் வீட்டில் விட்டுவிட்டு மலை பஸ் ஏறுவேன். அவளுக்கு மூன்று வயது ஆகப்போகிறது. பஸ் முதல் வளைவில் திரும்பும்போது அவளுக்குக் காய்ச்சல் இருந்ததோ, நான் சரியாகத் தொட்டுப் பார்க்கவில்லையோ என்று தோன்றும். இரண்டாவது வளைவுக்குள் செல்போனில் சிக்னல் போய்விடும். பிறகு மாலை இறங்கி வரும்வரை அந்தச் சந்தேகத்தோடுதான் மற்றவர்களின் கவலைகளைக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

மேலே ஒரு கிராமத்து அங்கன்வாடியில், பிள்ளைகள் சாப்பிட்டுவிட்டுப் போன பிறகு, சில பெண்கள் என்னோடு உட்காருவார்கள். எல்லோருடைய கணவர்களும் ஒரு மேஸ்திரியின் பேச்சைக் கேட்டு வெளிமாநிலத்துக்கு வேலைக்குப் போனவர்கள். திரும்பி வரவில்லை. செத்த சேதியும் வரவில்லை. என்ன வேலை என்று கேட்டால் “வெளி வேல” என்பார்கள். காட்டில் மரம் வெட்டுகிற வேலை என்பதும், பிடிபட்டால் ஜெயில் என்பதும் எல்லோருக்கும் தெரியும். அதனால் யாரும் போலீசில் புகார் கொடுக்கவில்லை. கள்ளக்குறிச்சியில் திங்கட்கிழமைதோறும் கலெக்டர் ஆபீசில் மனு வாங்குகிறார்கள். ஆனால் மனுவில் பெயர் எழுத வேண்டும், ஊர் எழுத வேண்டும், எங்கே போனார், எதற்குப் போனார் என்று எழுத வேண்டும். எழுதினால் மீதி இருக்கும் அண்ணன் தம்பிகள் மேல் வழக்கு வரும் என்று பயம். அதனால் அதுவும் இல்லை.

அந்த அக்கா அங்கே எனக்கு முதலில் பழக்கமானவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவராக இருப்பார். குச்சிக்கிழங்கு வெட்டவும், சீசனில் புளி உலுக்கவும் போவார். ஒரே மகள், உண்டு உறைவிடப் பள்ளியில் படிக்கிறாள். கணவர் பெயரை அக்கா வாயால் சொல்ல மாட்டார். என் பதிவேட்டுக்குக் கேட்டபோது, விடுமுறைக்கு வந்திருந்த மகளைப் பார்த்து, “உங்கப்பன் பேரு இன்னான்னு மேடத்துக்குச் சொல்லு” என்றார். கழுத்தில் தாலி, நெற்றியில் பெரிய பொட்டு. பக்கத்து வீட்டுப் பெண்கள் யாராவது அந்தப் பொட்டைக் கொஞ்ச நேரம் அதிகமாகப் பார்த்தால், “இன்னாடி பாக்கற? வேணும்னா உனக்கும் வெச்சி உடறேன், வா” என்பார்.

இந்தப் பெண்களுடைய துக்கத்துக்கு எங்கள் படிப்பில் பெயர் இருக்கிறது. முடிவு தெரியாத இழப்பு என்று அதைத் தமிழில் சொல்லலாம். அழுது முடிக்கவும் முடியாது, எதிர்பார்ப்பதை நிறுத்தவும் முடியாது. அவர்களோடு உட்கார்ந்து நான் பெரிதாக ஒன்றும் செய்துவிடவில்லை. பேச விட்டேன். தூக்கம் வர மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுத்தேன். ஒருவருக்கொருவர் பேசிக்கொண்டதில்தான் அவர்களுக்குக் கொஞ்சம் நன்மை இருந்தது.

இதைப் பற்றி என் பழைய பேராசிரியையிடம் போனில் ஒருமுறை சொன்னேன். உளவியலாளர்களின் மாநாடு ஒன்று சென்னையில் நடக்கப் போகிறது, அமர்வுகளுக்கு முன்மொழிவு கேட்டிருக்கிறார்கள், நீ அனுப்பு என்றார். “மலையில உக்காந்துக்கிட்டு நீ பண்றத யார் பாக்கறாங்க? எழுதிப் போடு. அந்தப் பெண்கள்ல ஒருத்தர் மேடையில பேசற மாதிரி போட்டா இன்னும் நல்லது. இப்போ அனுபவப்பட்டவங்களே பேசறதத்தான் விரும்பறாங்க.”

நான் சொன்னதைச் செய்யும் ஆள். பள்ளியிலிருந்தே அப்படித்தான். சரி என்றேன்.

முன்மொழிவை இணையதளத்தில் கட்டம் கட்டமாக நிரப்ப வேண்டியிருந்தது. அமர்வின் வகை, தலைப்பு, சுருக்கம். சுருக்கத்துக்கு இத்தனை வார்த்தைதான் என்று கணக்கு. பிறகு, இந்த அமர்வின் முடிவில் பங்கேற்பாளர்கள் என்ன செய்யக் கற்றிருப்பார்கள் என்று எழுத வேண்டும். ‘புரிந்துகொள்வார்கள்’ என்று எழுதினேன். அந்தச் சொல் கூடாது, அளந்து பார்க்க முடிகிற சொல்லாக எழுதவும் என்று சிவப்பில் வந்தது. ‘விவரிப்பார்கள்’ என்று மாற்றினேன். அந்த அக்கா மாலையில் பஸ் சத்தம் கேட்கும்போதெல்லாம் பேச்சை நிறுத்துவதை, கேட்பவர்கள் இனி விவரிப்பார்கள். கட்டம் அதை ஏற்றுக்கொண்டது.

மாமியார் வீட்டில் பிற்பகல்களில் இதை எழுதினேன். மகள் என் மடியில் ஏறி லேப்டாப்பில் ஒரு எழுத்தை விடாமல் அழுத்திவிடுவாள். மாமியார் வேர்க்கடலை உடைத்தபடி பார்த்துக்கொண்டிருப்பார்.

“இன்னாம்மா அது, இன்னும் பரிச்சையா?”

“அது மாதிரிதாங்க அத்தை.”

“பாஸானா இன்னா குடுப்பாங்க?”

“பேசக் கூப்புடுவாங்க.”

“பேசறதுக்கா இம்மாம் பாடு? நான் சும்மாவே பேசிக்கினு கெடக்கறேன், ஒருத்தன் கூப்புட மாட்டறான்.”

முன்மொழிவில் யார் அடையாளமும் தெரியக் கூடாது என்பது விதி. மதிப்பிடுபவர்கள் பாரபட்சம் பார்க்கக் கூடாது என்பதால் என் பெயர்கூட அந்தப் பக்கத்தில் வரக் கூடாது. நாங்கள் சந்திக்கும் மனிதர்களின் பெயர், ஊர், படம் எதையும் மேடையிலும் சொல்ல மாட்டேன் என்று தனியாக உறுதி தர வேண்டும். தந்தேன். அது நல்ல விதி. இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

எழுதியதை அனுப்புமுன் மலைக்குக் கொண்டுபோய் அந்தப் பெண்களுக்குத் தமிழில் வாசித்துக் காட்டினேன். சம்மதம் வாங்குவது என் கடமை. இது மனநலம் படித்தவர்கள் கூடும் கூட்டம், இங்கே நாம் பேசியதைப் பற்றி அங்கே பேசலாமா என்று கேட்டு எழுதியிருக்கிறேன், ஏற்றுக்கொண்டால் கூப்பிடுவார்கள் என்றேன். ஒவ்வொரு வாக்கியத்தையும் இரண்டு முறை சொன்னேன். எல்லோரும் கவனமாகக் கேட்டார்கள்.

“எங்க பேரு போடலியே?” என்றார் அக்கா.

“இல்லக்கா. பேரு, ஊரு எதுவும் இல்ல.”

“போன ஆளுங்க பேரு?”

“அதுவும் இல்ல.”

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் மெல்லச் சிரித்தார். “அப்ப போடுங்க மேடம். தாராளமா போடுங்க.” மேடையில் பேச வர முடியுமா என்று அக்காவைக் கேட்டேன். யோசிக்கவே இல்லை, வருகிறேன் என்றார். எனக்கு அது பெருமையாக இருந்தது. என் வேலை மேல் நம்பிக்கை வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

மாலையில் கச்சிராயபாளையம் வந்து இறங்கியதும், சிக்னல் கிடைத்த இடத்தில் நின்று அனுப்பினேன். கிடைத்ததற்கு அடையாளமாக ஒரு எண் வந்தது. அடுத்த வாரம் போனபோது அக்கா கேட்ட முதல் கேள்வி, “நம்பரு வந்துச்சா?” என்பதுதான். படிக்காதவருக்கு இது எப்படித் தெரிந்தது என்று ஒரு நிமிடம் யோசித்தேன். அதற்கு மேல் யோசிக்கவில்லை. எண்ணைச் சொன்னேன். மகள் வந்திருந்த நாளில் அதைக் கதவுக்குப் பக்கத்துச் சுவரில் கரியால் எழுத வைத்திருக்கிறார். அதைப் பின்னால்தான் பார்த்தேன்.

அதன் பிறகு ஒவ்வொரு வாரமும், “பதிலு வந்துச்சாம்மா?” மேடம் போய் அம்மா ஆகியிருந்தேன். வரவில்லை என்றால், “மெதுவாத்தான் வரும். நமக்கு மின்ன எத்தினி பேரு போட்டிருப்பாங்களோ” என்று எனக்கே ஆறுதல் சொல்வார். இரவல் நம்பிக்கையோடு நானும் காத்திருந்தேன்.

பதில் வந்தது. ஏற்றுக்கொண்டிருந்தார்கள். ஒரு திருத்தம் மட்டும் சொல்லியிருந்தார்கள். தலைப்பில் நான் ‘காத்திருக்கும் பெண்கள்’ என்று எழுதியிருந்ததை ‘கணவனை இழந்த பெண்கள்’ என்று மாற்றினால் வருகிறவர்களுக்குத் தெளிவாக இருக்கும் என்று மதிப்பிட்டவர் எழுதியிருந்தார். அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்து, நல்ல செய்தியை மட்டும் மலைக்குக் கொண்டுபோனேன். அங்கன்வாடியில் அன்று ஒரு கல்யாண வீட்டுச் சத்தம். ஆளாளுக்கு அக்காவைக் கேலி செய்தார்கள்.

“மெட்ராஸ் போயி எங்கள மறந்துடாத.”

“புதுப்பொடவ ஒண்ணு எடுத்துக்கடி. வந்து பாத்தா அடையாளம் தெரியணும் இல்ல அவருக்கு.”

கடைசியாகச் சொன்னதை எதற்குச் சொன்னார்கள் என்று எனக்கு அன்றே கேட்கத் தோன்றியிருக்க வேண்டும்.

அடுத்த வாரம் அக்கா பெரிய பிளாஸ்டிக் பை ஒன்றோடு வந்தார். உள்ளே, தினத்தாள் சுற்றிய போட்டோ. ரேஷன் கார்டுக்கு எடுத்த சிறிய படத்தைக் கள்ளக்குறிச்சியில் ஒரு ஸ்டூடியோவில் கொடுத்துப் பெரிதாக்கியிருந்தார். மீசையை ஒதுக்கிய இளைஞர் ஒருவர், பின்னால் நீல வானம்.

“பெருசு பண்ணிக் குடுன்னேன். ‘பொறந்த தேதி, எறந்த தேதி எழுதணுமாக்கா, மாலை போடணுமா, வெளக்கு வெக்கணுமா’ன்றான். மொதல்ல உன் படத்துக்குப் போட்டு வெச்சிக்கோடான்னு கேட்டுட்டேன். அப்பறம் பேச்சே இல்ல, இந்த நீலத்த வெச்சிக் குடுத்தான். தூரத்துலேர்ந்து பாத்தாகூட மூஞ்சி தெரியுது இல்ல?”

“இது எதுக்குக்கா?” என்றேன்.

“அங்க காட்டறதுக்குத்தான். அந்தக் கூட்டத்துக்கு எந்தெந்த ஊருலேர்ந்து வருவாங்க?”

“எல்லா மாநிலத்துலேர்ந்தும் வருவாங்க.”

“ஆந்திரா? கர்நாடகா?”

“ஆமா.”

“பேசறப்ப நான் பொண்ணு கதையெல்லாம் சொல்லிக்கினு இருக்க மாட்டேன். போட்டோவ தூக்கிப் புடிச்சிக்கறேன். பேர மட்டும் நீங்க மைக்குல சொல்லிடுங்க. நான் சொல்லக் கூடாது இல்ல?”

அப்போதுதான் எல்லாம் எனக்கு வரிசையாக விளங்கியது. மேலே எழுதிப் போடுவது, நம்பர் வருவது, பதிலுக்குக் காத்திருப்பது, ஏற்றுக்கொண்டு நேரில் கூப்பிடுவது. இந்த மலையில் மேலே எழுதிப் போடுவது என்றால் அது ஒன்றுதான், மனு. நான் அவர்களுக்காக மனு போட்டிருக்கிறேன். அதுவும் பெயர் போடாத மனு. போலீஸ் மோப்பம் பிடிக்க முடியாதபடி படித்த பொண்ணு புத்தியாக எழுதியிருக்கிறாள், முதலில் ஏற்றுக்கொள்ளட்டும், பெயரை நேரில் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்திருக்கிறார்கள். அன்று அவர்கள் பார்த்துக்கொண்ட பார்வைக்கும் அந்தச் சிரிப்புக்கும் அதுதான் அர்த்தம்.

நான் மறுபடி விளக்கினேன். இது ஆளைத் தேடும் கூட்டம் இல்லை, கலெக்டரோ அதிகாரிகளோ வர மாட்டார்கள், மனசைப் பற்றிப் படித்தவர்கள் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ளும் இடம் என்றேன். அக்கா குறுக்கே பேசாமல் கேட்டார். நான் முடித்ததும் பொறுமையாகச் சொன்னார்.

“மனநலம் படிச்சவங்கன்னு மொதல்லயே சொன்னீங்க. டாக்டருங்கதான?”

“ஒரு மாதிரி டாக்டருங்க. மனசுக்கு.”

“அதத்தான் நானும் சொல்றேன். காட்டுல அடிபட்டோ பயந்தோ புத்தி கலங்கிப் போயி, தான் யாருன்னு தெரியாம எங்கனா ஒரு ஆஸ்பத்திரில கெடந்தா, அந்த மாதிரி ஆள யாரு பாப்பாங்க? போலீசா பாப்பான்? உங்க ஆளுங்கதான பாப்பாங்க?”

பிறகுதான் இந்தக் கட்டுரையின் முதல் வரியில் இருக்கும் கேள்வியைக் கேட்டார்.

அவர் சொன்னதில் தவறு இல்லை. மாநாட்டுக்கு வருகிறவர்களில் சிலர் அப்படிப்பட்ட மருத்துவமனைகளிலும் காப்பகங்களிலும் வேலை செய்கிறவர்கள்தான். பெயர் தெரியாமல், பாஷை தெரியாமல், ஆண்டுக்கணக்காக அங்கே கிடக்கும் மனிதர்கள் உண்டு. படிக்கும்போது பயிற்சிக்குப் போன இடத்தில் நானே பார்த்திருக்கிறேன். ஒருவர் தினமும் காலையில் கேட்டுக்குப் பக்கத்தில் வந்து குந்தியிருப்பார். எந்த ஊர் என்று யாருக்கும் தெரியாது. அவரை எதிர்பார்த்து ஒரு சுவரில் ஏதாவது எழுதப்பட்டிருக்கும் என்று அன்று எனக்குத் தோன்றவே இல்லை.

பேராசிரியையிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னேன். “நீ ரொம்ப யோசிக்கிறம்மா. அவங்கள நல்லா தயார்படுத்து. அவங்க வலியப் பேசட்டும், அதுவே அவங்களுக்கு ஒரு மருந்து. போட்டோ, பேரு மட்டும் வேண்டாம். நீ கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்க” என்றார். பேரைச் சொன்னால் என்ன ஆகும் என்று கேட்டேன். “அந்த ஊர்ல மிச்சம் இருக்கறவங்களுக்கு என்ன ஆகும்னு உனக்குத்தான தெரியும்?” என்றார். தெரியும். அந்தக் கூட்டத்தில் எல்லோரும் செல்போனில் படம் எடுப்பார்கள். படம் எங்கே போய் நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. மேஸ்திரி இன்னும் அதே மலையில் மோட்டார் சைக்கிளில் போய்க்கொண்டுதான் இருக்கிறான்.

அக்காவிடம் இந்த ஆபத்தையும் சொன்னேன். “யாரு வந்தாலும் என்னக் கேக்கட்டும்” என்றார். மற்ற பெண்களோ தரையைப் பார்த்தார்கள். இரண்டு பேருக்கு ஊரில் கொழுந்தன்மார் இருக்கிறார்கள். வேண்டாம் என்று அவர்கள் வாய் திறந்து சொல்லவில்லை. அக்காவைப் போல அவர்களிடமும் போட்டோ இருக்கிறது என்பதும் எனக்குத் தெரியும்.

கூட்டிக்கொண்டு போய், பெயரைச் சொல்லாமல் விட்டால்? அதை நினைத்துப் பார்க்கிறேன். குளிரூட்டிய அறை. திரையில் ‘கணவனை இழந்த பெண்கள்’ என்ற தலைப்பு. தலைப்பு ஆங்கிலத்தில் இருப்பதால் அவருக்குப் படிக்கத் தெரியாது என்று நான் நிம்மதி அடைய வேண்டியிருக்கும். அவர் புதுப்புடவையில், பையை மடியில் வைத்துக்கொண்டு, நான் எப்போது பெயரைச் சொல்லுவேன் என்று என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார். எல்லோரும் கைதட்டுவார்கள்.

கூட்டிக்கொண்டு போகாவிட்டால், மலையிலிருந்து எழுதிப் போய் ஏற்றுக்கொள்ளப்பட்ட ஒரே மனுவை நானே கிழித்துப் போட்டதாக ஆகும். அதன் பிறகு நான் எந்த முகத்தோடு அங்கன்வாடியில் உட்கார்ந்து மூச்சுப் பயிற்சி சொல்லித் தருவது?

என் கணவர் அதிகம் பேசாதவர். சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நான் மூன்றாவது முறையாக இதை ஆரம்பித்ததும் சொன்னார்: “போறதுன்னா போ. இல்லன்னா எழுதிப் போட்டு நிறுத்திடு. அவங்களையும் தொங்க உட்டுக்கினு நீயும் தொங்கிக்கினு இருக்காத.”

“நீங்க காணாமப் போனா நான் இன்னா பண்ணணும்னு சொல்லுங்க.”

“சோறு துன்றப்போ கேக்கற கேள்வியா இது?” என்றார். பிறகு, தட்டைப் பார்த்தபடி, “தேடத்தான் சொல்லுவேன். வேற இன்னா சொல்லுவேன்” என்றார். மகள் அவர் கையிலிருந்து அப்பளத்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள்.

கொஞ்ச நாளாக எனக்கு ஒரு பழக்கம் வந்திருக்கிறது. அவர் வேலையிலிருந்து வர நேரமானால் வண்டிச் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டு நிற்கிறேன். போன் அடித்தால் உடனே எடுக்கிறேன். நான் கூப்பிட்டு அவர் எடுக்கவில்லை என்றால் மறுபடி அடிக்கிறேன். அரைமணி நேரத்துக்கே எனக்கு இப்படி. அந்த அக்காவுக்கு நான் மூச்சை எண்ணச் சொல்லிக் கொடுத்ததை நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

நடுவழி ஒன்று உண்டா என்றும் பார்த்தேன். மேடையில் சொல்லாமல், வருகிறவர்களில் காப்பகங்களில் வேலை செய்கிறவர்களைத் தனியாகப் பிடித்துப் படத்தைக் காட்டிக் கேட்கலாம். அதுவும் நான் கொடுத்த உறுதியை மீறுவதுதான், சத்தமில்லாமல். யாருமே பார்த்ததில்லை என்று சொல்லிவிட்டால், மலைக்குத் திரும்பும் பஸ்ஸில் அக்கா பக்கத்தில் நான் உட்கார்ந்திருக்க வேண்டும். அவர் இத்தனை காலம் நெற்றியில் வைத்திருப்பதை நான் அழிக்க வைத்ததாக ஆகுமா? பார்த்தேன் என்று ஒருவர் சொல்லி, அது வேறு ஆளாக இருந்துவிட்டால்? இப்படியே யோசித்துக்கொண்டு போகிறேன். பாலைப் பொங்க விடுகிறேன். மாமியார், “ஏம்மா, அடுப்புல ஒரு கண்ணு வெய்யேன்” என்கிறார்.

மாநாட்டுக்காரர்கள் இன்னொரு மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறார்கள். தலைப்பை மாற்றிவிட்டீர்களா, மேடையில் யார் யார் பேசுவார்கள் என்று உறுதி செய்யச் சொல்கிறார்கள். நாள் நெருங்குகிறது. போன வாரம் அக்கா வீட்டுக்குப் போனேன். சுவரில் கரியால் எழுதிய எண் மங்கியிருந்தது. அதன் மேலேயே மறுபடி எழுதித் தரும்படி என்னிடம் கரித்துண்டைக் கொடுத்தார். மாட்டேன் என்று சொல்ல வரவில்லை. எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். ஏன் எழுதினேன் என்று தெரியவில்லை.

இதைப் படிக்கிறவர்களிடம் கேட்கிறேன். உங்களில் என் தொழிலில் இருப்பவர்கள் இருக்கலாம். காப்பகங்களில் வேலை செய்கிறவர்கள் இருக்கலாம். உங்கள் வீட்டிலும் ஒருவர் போய்த் திரும்பாமல் இருக்கலாம். அப்படிப்பட்டவர்கள் முக்கியமாக எனக்கு எழுதுங்கள். உங்களை ஒருவர் இப்படி மேடைவரை கூட்டிக்கொண்டு போய், ஒன்றும் கிடைக்காமல் திருப்பிக் கூட்டி வந்திருந்தால், போனதே போதும் என்று இருந்திருக்குமா, போகாமலே இருந்திருக்கலாம் என்று இருந்திருக்குமா? மைக்கைக் கையில் கொடுத்ததும் நான் அந்தப் பெயரைச் சொல்லட்டுமா? சொல்ல வேண்டாம் என்றால், அதை அந்த அக்காவிடம் எந்த வார்த்தையில் சொல்வது என்றும் சேர்த்துச் சொல்லுங்கள்.